தாத்தா வீட்டுக் கடல்

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் வெயில். நினைத்த நேரத்தில் மழை. தமிழகத்திலிருந்து வரும் கதைப் புத்தகங்களில் 'கோடை விடுமுறை' என்று படிக்கும்போதெல்லாம் அது எந்த மாதம் என்று சிறுவயதில் நான் குழம்பியதுண்டு. எங்கள் காலத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு நவம்பர் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டினால் அதுதான் கோடை. அடைமழை கொட்டினாலும் எங்களுக்கு அது கோடையேதான்!

உலு யாம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் பிறந்து வளர்ந்தேன். கிழக்கே பார்த்தால் மலை. மலையடிவாரத்தில் காலைப் பனி விலக எட்டு மணியாகும். 'உலு' என்ற மலாய்ச் சொல்லுக்கு ஆற்றின் தலைப்பக்கம் என்று பொருள். 'கோலா' என்றால் ஆறு கடலில் விழும் வாய். எங்கள் வீடு உலுவில். தாத்தா வீடு கோலாவில். இரண்டையும் சிலாங்கூர் ஆறு ஒரு கயிற்றைப் போலக் கட்டி வைத்திருந்தது. எங்கள் பக்கத்துச் சிற்றாறுகளும் பத்தாங் காலி ஆறும் சேர்ந்து, கோல குபு பாரு மலைகளிலிருந்து வரும் அந்தப் பெரிய ஆற்றில் விழுந்து, கோலா சிலாங்கூர் போய்ச் சேருகின்றன. "நீ இங்கே மூஞ்சி கழுவுற தண்ணிதாண்டா தாத்தா வீட்டுக்குப் போகுது" என்று அப்பா சொல்வார். நான் ஒரு காகிதக் கப்பல் செய்து விட்டேன். தாத்தா வீட்டுக்குப் போனதும் அது வந்ததா என்று கேட்டேன். "நேத்துதான் வந்துச்சு, மேலே போயிருச்சு" என்றார் தாத்தா!

நான் சொல்லப்போவது 1974ஆம் ஆண்டு விடுமுறையைப் பற்றி. அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு.

மூன்று பஸ் மாறி

தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் பள்ளி பூட்டியது. அம்மா ஒரு துணிப்பையில் எங்கள் சட்டை துணிகளையும், இன்னொரு பையில் தாத்தாவுக்குப் பெத்தாய்க் காய், மூங்கில் குருத்து, மலை வாழைப்பழம் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தார். மலையிலிருந்து கடலுக்கு இவை போகும். திரும்பும்போது கருவாடும் தேங்காயும் பெலாச்சானும் கடலிலிருந்து மலைக்கு வரும். பணம் கைமாறாத வாணிபம் இது.

பத்தாங் காலியில் ஒரு பஸ், ரவாங்கில் ஒரு பஸ், பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு பஸ். இந்தக் கடைசி ஊருக்கு 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அந்த வட்டாரத்தில் அப்போது ஈயம் தோண்டும் இரும்புக் கப்பல்கள் குளத்தில் மிதந்தபடி இரவும் பகலும் இரைச்சலிடும். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பிறகு அந்த இரைச்சலும் ஓய்ந்தது; குளங்கள் மட்டும் மிச்சம்.

அந்தப் பகுதியில்தான் தென்னமாரம் தோட்டம் இருக்கிறது. நம் காதுக்குத் 'தென்னைமரம்' என்றே கேட்கும் பெயர். 1917இல் ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வாணிப நோக்கில் செம்பனை நட்டது அங்கேதான். அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசு கிடைத்தது. பின்னாளில் நாடெங்கும் ரப்பரைப் பிடுங்கிவிட்டு வரிசை வரிசையாக நின்ற செம்பனைக்கு நம் பக்கத்து மண்தான் தாய்வீடு. பஸ் சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு போன எங்களுக்கு அது ஒன்றும் தெரியாது. மரங்களின் நடுவே காற்றில் உப்பு வாடை வருகிறதா என்று மூக்கை நீட்டிக் கொண்டிருந்தோம்.

மணல் இல்லாத கடல்

தாத்தா வீடு கோலா சிலாங்கூருக்கும் ஜெராமுக்கும் இடையில் ஒரு தென்னந்தோட்டத்தில் இருந்தது. மாமா அங்கே தேங்காய் வெட்டும் வேலை. கொப்பரை சுடும் கொட்டகையிலிருந்து இனிப்பும் புகையும் கலந்த ஒரு வாடை லயம் முழுக்க நிரம்பியிருக்கும். லயத்துக்குப் பின்னால் ஓர் அகலமான வாய்க்கால். அதன் கோடியில் மண்ணால் கட்டிய உயரமான கடல் கரை. நாங்கள் 'பண்டு' என்போம். பண்டில் ஒரு மதகு. கடல் இறங்கும்போது மதகைத் திறந்து தோட்டத்து மழைத்தண்ணீரை வெளியே விடுவார்கள். கடல் ஏறும்போது மூடிவிடுவார்கள். மூட மறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து தென்னையின் வேரைத் தின்றுவிடும்.

படத்தில் பார்த்த வெள்ளை மணல் கடற்கரையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு எங்கள் கடல் ஏமாற்றம்தான். பண்டுக்கு அப்பால் பாக்காவ் காடு. அதையும் தாண்டினால் சேறு, கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறத்தில் மின்னும் சேறு. கடல் இறங்கிய வேளையில் தண்ணீரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தச் சேற்றுக்குள் ஒரு பட்டணமே இருந்தது. துடுப்பு போன்ற முன் செதில்களை ஊன்றித் தரையில் துள்ளி நடக்கும் சேற்று மீன்கள். நனைந்த தோல் வழியாகவும் அவற்றால் மூச்சு விட முடியும் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகள், துரையைக் கண்ட தண்டலைப் போல ஓயாமல் கையை ஆட்டிக்கொண்டிருக்கும். அவை ஆண் நண்டுகள். பெண் நண்டுக்கு இரண்டு கொடுக்கும் சிறியவை. வானத்தில் செம்பழுப்புச் சிறகும் வெள்ளைத் தலையுமாகக் கருடன் வட்டமிடும். பாட்டி எந்த வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

தாத்தாவின் கடிகாரம்

தாத்தா நாகப்பட்டினத்துப் பக்கம் கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். 1937இல் கப்பலேறினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம், தொழிலாளரை உதவித்தொகையில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. "நான் ஒரு வருசம் சோம்பியிருந்தா நீங்க யாரும் பொறந்திருக்க மாட்டீங்கடா" என்பது அவருடைய நிரந்தர வேடிக்கை.

"நம்ம ஊருக் கடல் இப்படி ஏறி இறங்காது. அதுபாட்டுக்கு ஒரே எடத்துல அலையடிச்சுக்கிட்டு கெடக்கும். இது வேற சாதிக் கடல். நாளைக்கு ரெண்டு தடவை வீட்டைவிட்டுப் போயிட்டு வரும்" என்பார். பக்கத்துக் கம்பத்து மலாய் மீனவர்களிடம் அவர் இந்தக் கடலைக் கற்றுக்கொண்டார். அதை எங்களுக்கும் கற்றுக் கொடுத்தார்.

இன்று எத்தனை மணிக்கு ஏறியதோ, நாளைக்கு அதைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாக ஏறும். சந்திரன் தினமும் அவ்வளவு தாமதமாகத்தான் வருகிறது; கடலும் அதன் பின்னாலேயே வருகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் மிக உயரம் ஏறும், மிகத் தூரம் இறங்கும். அரை நிலா நாட்களில் ஏற்றமும் குறைவு, இறக்கமும் குறைவு. தாத்தாவிடம் கைக்கடிகாரம் கிடையாது. முந்திய இரவு நிலாவைப் பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் எப்போது மதகைத் திறக்கலாம் என்று சொல்வார். ஆங்கிலம் படித்த கிராணியார்கூட அவரிடம் வந்து கேட்டுக்கொண்டு போவார்.

தம்பியைப் பிடித்த சேறு

பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள். மதியம் கடல் வெகுதூரம் இறங்கியிருந்தது. "நாலு மணிக்குள்ள பண்டு மேல ஏறிடணும்" என்று சொல்லிவிட்டுத் தாத்தா படுத்தார். மாமா மகன், நான், தம்பி மூவரும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கெராங் சிப்பி பொறுக்கப் போனோம். ஓரத்தில் கொஞ்சந்தான் கிடைத்தது. இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று போனோம். வாளி நிறைய நிறைய நேரம் மறந்துபோயிற்று.

"அண்ணே, காலு வரலே" என்றான் தம்பி.

முழங்கால் வரை இறங்கியிருந்தான். கையைப் பிடித்து இழுத்தோம். ஒரு காலை இழுத்தால் மறு கால் இன்னும் ஆழமாகப் போயிற்று. இழுத்த எங்கள் கால்களும் புதைந்தன. தம்பி அழ ஆரம்பித்தான். அப்போதுதான் பார்த்தேன்: தூரத்தில் வெள்ளி நூலாகக் கிடந்த தண்ணீர் எங்கள் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அலையும் இல்லை, ஓசையும் இல்லை. பாய் விரிப்பதைப் போல வந்தது.

மாமா மகன் கூவிய கூவலில், பாக்காவ் காட்டு ஓரத்தில் வலை அலசிக்கொண்டிருந்த ஒரு பாக் சிக் நிமிர்ந்தார். அவர் ஓடி வரவில்லை. ஒரு நீளப் பலகையைச் சேற்றில் போட்டு, ஒரு முழங்காலை அதன்மேல் ஊன்றி, மறு காலால் தள்ளிக்கொண்டு வழுக்கி வந்தார். அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை! வந்ததும் தம்பியை இழுக்கவும் இல்லை. பலகையை அவன் நெஞ்சருகே வைத்து அதன்மேல் குப்புறப் படுக்கச் சொன்னார். காலைச் சுற்றிக் கையால் சேற்றைத் தோண்டித் தண்ணீர் புக விட்டார். மெல்ல மெல்ல, செருப்பைக் கழற்றுவதுபோல, முதலில் ஒரு கால், பிறகு மறு கால். எங்களையும் நிற்காமல் படுத்து ஊர்ந்து வரச் சொன்னார். நாங்கள் பண்டு ஏறித் திரும்பிப் பார்த்தபோது எங்கள் வாளி கிடந்த இடத்தில் கடல் இருந்தது.

தாத்தா எங்களை அடிக்கவில்லை. வாசலில் உட்கார வைத்துப் பாட்டி மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார். தாத்தா பாக் சிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். பிறகு எங்களிடம் சொன்னார்: "சேத்துல மாட்டினா நிக்காதே, படு. பலத்தைக் காட்டினா அது உன்னைவிடப் பலத்தைக் காட்டும். கடல் பக்கம் போனா கண்ணு தண்ணியில இருக்கணும், வாளியில இல்ல." அன்று முதல் அந்தக் கம்பத்து வீட்டுக்கு எங்கள் தீபாவளிப் பலகாரம் போகாத ஆண்டு இல்லை. அவர்கள் வீட்டு நோன்புப் பெருநாள் கெத்துப்பாட் எங்களுக்கு வராத ஆண்டும் இல்லை.

குன்றும் குரங்கும்

ஒரு வாரம் எங்களைப் பண்டுப் பக்கமே விடவில்லை. அதற்கு ஈடாக மாமா எங்களைக் கோலா சிலாங்கூர் பட்டணத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே புக்கிட் மெலாவாத்திக் குன்று. ஏறும் வழியெல்லாம் பெரிய மழைமரங்கள். உச்சியில் பீரங்கிகளும் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கும். 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றைப் பிடித்தார்கள். சுல்தான் இப்ராஹிம் பகாங் படையின் துணையோடு அடுத்த ஆண்டே அதை மீட்டார். இன்று நாம் பார்க்கும் கலங்கரை விளக்கு 1907இல் கட்டப்பட்டது. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அந்தக் குன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

எங்களுக்குச் சரித்திரத்தைவிடக் குரங்குகள்தான் பெரிது. அங்கே இரண்டு வகை உண்டு. பையைப் பிடுங்கும் நீளவால் போக்கிரிகள் ஒரு வகை. சாம்பல் பூசிய சாமியாரைப்போல அமைதியாக உட்கார்ந்திருக்கும் லோத்தோங் இன்னொரு வகை. தாய் கருஞ்சாம்பல் நிறம். மடியில் இருக்கும் குட்டியோ செவ்விளநீர் நிறம்! சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும். "வெள்ளைக்காரன் பிள்ளையா?" என்று தம்பி கேட்க, மாமா சிரித்த சிரிப்பில் கீழே ஐஸ் கச்சான் கடைத் தவுக்கேயும் சேர்ந்து சிரித்தார்.

மரம் நிறைய விளக்கு

அமாவாசை நெருங்கியதும் தாத்தாவே சொன்னார்: "இன்னிக்கு மின்மினி பாக்கப் போகலாம்."

பட்டணத்திலிருந்து ஆற்றோரமாக ஒன்பது கிலோமீட்டர் உள்ளே போனால் கம்போங் குவாந்தான். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் சம்பானில் ஏற்றித் துடுப்புப் போட்டார். கும்மிருட்டு. தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு வளைவு திரும்பியதும் தம்பி என் கையை இறுகப் பிடித்தான். கரையில் நின்ற மரம் முழுக்க விளக்கு! எல்லாம் சொல்லி வைத்ததுபோல ஒன்றாக எரிந்தன, ஒன்றாக அணைந்தன.

அவை தங்கும் மரத்துக்கு பெரெம்பாங் என்று பெயர். ஆண் பூச்சிகள் பெண்ணை அழைப்பதற்காக விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, எல்லாம் ஒரே தாளத்தில் மினுக்குகின்றன. மரத்தில் மின்னுவது வாழ்க்கையின் கடைசிப் பகுதி மட்டுமே. அதற்கு முன் புழுவாகக் கரையின் ஈர மண்ணில் ஊர்ந்து, சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆகவே மரம் மட்டும் இருந்தால் போதாது. கரையும், கரைச் சேறும், அதிலுள்ள நத்தையும், உப்பும் நன்னீரும் அளவோடு கலந்த ஆறும் வேண்டும். தண்ணீரின் ஓரம்வரை காட்டை வெட்டிச் செம்பனை நட்டால் மின்மினிக்குத் தொட்டில் இல்லை.

படகில் திரும்பும்போது தாத்தா மெல்லச் சொன்னார்: "இந்தத் தண்ணி உங்க ஊருத் தண்ணி. நீங்க மேல என்ன போடுறீங்களோ அது இங்கதான் வரும்."

எனக்குச் சொரேரென்றது. தோட்டத்தில் உடைந்த பாட்டில், பழைய டின், மருந்து டப்பா எல்லாவற்றையும் ஓடையில்தான் போடுவோம். காகிதக் கப்பல் வந்து சேர்ந்தது என்று தாத்தா சொன்னது வேடிக்கைதான். ஆனால் மற்றவை உண்மையாகவே வந்து சேர்ந்திருக்கும்.

அம்மாவின் கணக்கு

விடுமுறை முடிந்து வீடு திரும்பியபோது அம்மா மெலிந்திருந்தார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பல ஆண்டு கழித்துத்தான் சொன்னார். மழை மாதங்களில் விடியற்காலையில் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. அந்த ஆண்டு நவம்பர் டிசம்பரில் பாதி நாள் கத்தி பிடிக்கவில்லையாம். கடையில் கடன் ஏறிவிட்டது. "உங்களை அங்க அனுப்பினா ரெண்டு வயிறு நெறையுமேன்னுதான் அனுப்பினேன். நீங்க ஊர் சுத்திப் பாக்கப் போறோம்னு குதிச்சீங்க. நானும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

நாங்கள் சிப்பியும் மீனும் தின்று கொழுத்த அந்த ஐந்து வாரமும் அப்பாவும் அம்மாவும் வெறும் சோற்றில் ஓட்டியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் கோடைக்குப் பின்னால் பெற்றவர்களின் மழைக்காலம் ஒன்று இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேருக்கு இது நடந்திருக்கும்.

இப்போது

தாத்தா பாட்டி இன்றில்லை. அந்தத் தென்னந்தோட்டமும் இல்லை. லயம் இருந்த இடம் அடையாளம் தெரியவில்லை. உலு யாம் பக்கத்து எங்கள் தோட்டமும் போய், நாங்கள் பத்தாங் காலியில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறோம். சென்ற ஆண்டு என் பேரனைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தப் பாதையில் போனேன். மூன்று பஸ் இல்லை. மகனுடைய காரில் பேச்சு முடிவதற்குள் போய்விட்டோம்.

கோலா சிலாங்கூரில் 1987இல் பாக்காவ் காட்டின் ஒரு பகுதியை இயற்கைப் பூங்காவாக்கினார்கள். சேற்று மீனையும் கையாட்டும் நண்டையும் பேரன் அங்கே பார்த்தான். குன்றில் செவ்விளநீர்க் குட்டி இன்றும் இருக்கிறது. கம்போங் குவாந்தானில் மின்மினி எரிகிறது. ஆனால் என் கண்ணுக்கு அன்று போல இல்லை. ஆற்றின் மேலே அணை கட்டியாயிற்று. கரையோரக் காடு குறைந்துவிட்டது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் யாரோ கொட்டிய கழிவு சிலாங்கூர் ஆற்றில் கலந்து, கோலாலம்பூர் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பல நாள் குழாய் வறண்டதை மறந்திருக்க மாட்டோம். தாத்தா சம்பானில் சொன்னதை அன்று நாடே வாளியும் கையுமாக நின்று கற்றுக்கொண்டது.

பிள்ளைகளோடு போக நினைக்கும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். கடல் ஏறும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சேற்றில் இறங்குவதாக இருந்தால் ஊர்க்காரர் துணையில்லாமல் இறங்காதீர்கள். மின்மினி பார்க்க நிலா இல்லாத இரவாக, மழை விட்ட மாலையாகப் பார்த்துப் போங்கள். விளக்கடித்துப் படம் எடுக்காதீர்கள், பூச்சிகளைப் பிடிக்காதீர்கள். எங்கள் உலு பக்கத்து ஆறுகளில் குளிக்க வருகிறவர்களுக்கும் ஒன்று: நீங்கள் இருக்கும் இடத்தில் வெயிலாக இருந்தாலும் மலையில் மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று சுவர்போல வரும். தெளிந்த நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள்.

வீடு திரும்பிய மறுநாள் பேரன் ஓடைக்கரையில் உட்கார்ந்து ஒரு காகிதக் கப்பல் செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் குடித்து முடித்த பானப் பொட்டலம். கப்பலை விட்டான். பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"தாத்தா, கப்பல் எப்பப் போய்ச் சேரும்?"

"நேத்தே சேர்ந்திருக்கும்டா" என்றேன்.